வீட்டு நேரலைக்குச் சிறிய மிக்சர்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பல ஒலிகளைக் கலக்கும் சிறிய ஆடியோ மிக்சர் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எண்ணிப் பார்ப்பது சேனல்களை, அதாவது ஒலி போகும் தனித்தனி வழிகளைத்தான். நான்கு சேனலா, ஆறா, எட்டா என்ற கேள்வி மேடைக்குப் பொருந்தும். அங்கே பாடுபவர்களும் வாசிப்பவர்களும் எத்தனை பேரோ அத்தனை மைக்குகள் வேண்டும், கலந்த ஒலி ஸ்பீக்கரை நோக்கி ஒரே திசையில் போனால் போதும். வீட்டிலிருந்து நேரலை செய்பவரிடம் பெரும்பாலும் இருப்பது ஒரு மைக், அல்லது இரண்டு. அவருடைய சிக்கல் வேறு. கணினியில் ஓடும் பாடலோ விளையாட்டின் ஒலியோ நேரலைக்குப் போக வேண்டும். கைபேசியிலோ காணொளி அழைப்பிலோ வரும் விருந்தினரின் குரலும் போக வேண்டும். ஆனால் அந்த விருந்தினருக்கு அவருடைய குரலே திரும்பிப் போய்ச் சேரக் கூடாது. இவை எல்லாவற்றையும் நடத்துபவர் தன் ஹெட்ஃபோனில் தாமதமின்றிக் கேட்கவும் வேண்டும். ஆகவே, யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்கு எது போகிறது, கணினியிலிருந்து எது திரும்புகிறது, திரும்பிய ஒலி எந்தெந்த வழிகளில் பிரிகிறது என்பதுதான் இங்கே முதல் கேள்வி. சேனல்களின் எண்ணிக்கை அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

இந்தக் கேள்வியோடு பார்த்தால், இன்று கிடைக்கும் வாய்ப்புகள் நான்காகப் பிரிகின்றன: மிக்சரே இல்லாமல், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸையும் மென்பொருளையும் வைத்துச் சமாளிப்பது, யூ.எஸ்.பி. இணைப்புள்ள வழக்கமான அனலாக் மிக்சர். நேரலைக்கென்றே வடிவமைத்த சிறு மிக்சர். பாட்காஸ்டுக்காகப் பிறந்து நேரலைக்கும் வந்து சேர்ந்த கருவிகள். ஒவ்வொன்றும் அதற்குரிய ஆளுக்கு நல்லது. எல்லோருக்கும் ஒன்றையே பரிந்துரைக்கும் பட்டியல்கள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுவதால்தான் இதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

மிக்சர் இல்லாமலே

தனியாக அமர்ந்து ஒரே மைக்கில் பேசுபவருக்கும், பாடம் நடத்துபவருக்கும், கணினித் திரையைக் காட்டி விளக்குபவருக்கும் மிக்சர் தேவைதானா என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற ஓர் இன்டர்ஃபேஸ் மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டு சேர்க்கும். கலக்கும் வேலையை ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்னும் இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அதில் ஒவ்வோர் ஒலி மூலத்துக்கும் தனி அளவுக் கட்டுப்பாடு உண்டு. இரைச்சல் குறைப்பு, பேசாதபோது மைக்கை அடைக்கும் நாய்ஸ் கேட், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர், ஒலி அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. பதிவு செய்யும்போது ஆறு தடங்கள் வரை தனித்தனியாகச் சேமிக்கலாம். கணினியில் ஒலிப்பதை ஓ.பி.எஸ். தானே பிடித்துக்கொள்வதால், அந்த ஒலியை வெளியே கொண்டுபோய்த் திரும்ப உள்ளே கொண்டுவரும் வேலையும் மிச்சம். விண்டோஸ் கணினியில் விளையாட்டு, அரட்டை, பாடல் என்று ஒலிகளை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க விரும்புவோர் வாய்ஸ்மீட்டர் என்ற மென்பொருள் மிக்சரைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்த வழியின் குறைகள் இரண்டு. முதலாவது, கை. இருமல் வரும் அந்தக் கணத்தில் மைக்கை அடைக்க வேண்டுமானால், திரையில் எந்தச் சாளரம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. விரல் தானாகப் போய் நிற்கும் ஒரு பொத்தானோ, மேலும் கீழும் தள்ளி ஒலியளவை மாற்றும் ஃபேடரோ கொடுக்கும் நிம்மதி தனி. விசைப்பலகையில் குறுக்குவிசை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். இரண்டாவது, தன் குரலைத் தானே கேட்பது. மைக்கின் ஒலியைக் கணினிக்குப் போகாமலே ஹெட்ஃபோனுக்குத் தரும் இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டர் வழியாகக் கேட்டால் தாமதம் இல்லை. ஆனால் அப்போது காதில் விழுவது எந்த மெருகும் ஏறாத குரல். மென்பொருள் மெருகேற்றிய குரலைக் கேட்க வேண்டுமானால் தாமதம் வந்துவிடும். ஒலியை நொடிக்கு 48,000 மாதிரிகளாக எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில், 256 மாதிரிகளைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபர் என்றால் போக 5.3 மில்லி நொடி, வர அதே அளவு; அதோடு டிஜிட்டல் மாற்றத்துக்கான நேரமும் சேரும். பத்து மில்லி நொடி கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தன் குரல் எலும்பு வழியாக உடனே காதை அடைந்துவிடுவதால், ஹெட்ஃபோனில் சற்றே பிந்தி வரும் அதே குரல் அதோடு மோதி, ஒரு குழாய்க்குள் பேசுவதுபோன்ற உணர்வைத் தரும். பேசுபவர்கள் இதைச் சகித்துக்கொள்ளலாம், பாடுபவர்களால் முடியாது.

நேரலையைக் கைபேசியிலிருந்தே செய்பவர்களுக்கு இந்த வழி ஏறக்குறைய மூடப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஓ.பி.எஸ். இல்லை, செயலி ஒரே ஒரு மைக் உள்ளீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். கலக்க வேண்டியதை வெளியிலேயே கலந்து கொடுத்தாக வேண்டும்.

யூ.எஸ்.பி. உள்ள அனலாக் மிக்சர்

பெரிங்கரின் ஸெனிக்ஸ் வரிசை, சவுண்ட்கிராஃப்டின் நோட்பேட் வரிசை, மேக்கியின் ப்ரோஎஃப்எக்ஸ் வரிசை ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு குமிழும் ஒரே ஒரு வேலையைச் செய்யும். ஒலியின் கனத்தையும் கூர்மையையும் மாற்றும் ஈக்வலைசரைத் திருப்பினால் உடனே மாற்றம் கேட்கும். கணினியை அணைத்தாலும் மிக்சர் மிக்சராகவே இருக்கும். கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு மூன்று மைக்குகளும் ஒரு கீபோர்டும் வைத்துப் பாடுபவர்களுக்கு இது இயல்பாகவே பொருந்தும்.

சிக்கல் யூ.எஸ்.பி.யில் தொடங்குகிறது. இத்தகைய சிறு மிக்சர்களில் பெரும்பாலானவை கணினிக்கு அனுப்புவது முதன்மைக் கலவையின் இடம், வலம் என்ற இரண்டே சேனல்களை. ஐந்து குமிழ்கள் இருந்தாலும் கணினியில் வந்து நிற்பது ஒரே ஒரு ஸ்டீரியோ ஒலி. நேரலையின்போது பாடல் அதிகமாகவும் குரல் குறைவாகவும் போய்விட்டால், பதிவைப் பின்னால் திருத்த வழியே இல்லை. அடுத்ததாக, கணினியிலிருந்து திரும்பும் ஒலி எங்கே போய்ச் சேருகிறது என்பது. ஸெனிக்ஸ் வரிசையின் சிறு மிக்சர்களில் இதற்கென இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று, திரும்பும் ஒலியை முதன்மைக் கலவையில் சேர்க்கும். மற்றொன்று, அதை ஹெட்ஃபோனுக்கு மட்டும் அனுப்பும். முதல் பொத்தானை அழுத்தினால் கணினியின் ஒலி மிக்சருக்கு வந்து, கலவையோடு மறுபடியும் கணினிக்கே போகும். பாடலை நேரலையில் சேர்க்க இது உதவும். ஆனால் அதே கணினியில் காணொளி அழைப்பு நடந்துகொண்டிருந்தால், விருந்தினரின் குரலும் இந்தச் சுற்றில் சிக்கி அவருக்கே எதிரொலியாகத் திரும்பும். ஓ.பி.எஸ்.ஸில் மானிட்டரையும் திறந்து வைத்திருந்தால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையாகவே மாறிவிடும். இரண்டாவது பொத்தானை அழுத்தி, கணினி ஒலியைப் பிடிக்கும் பொறுப்பை ஓ.பி.எஸ்.ஸிடம் விட்டுவிடுவதே கணினியில் நேரலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பான வழி.

மேக்கியின் ப்ரோஎஃப்எக்ஸ் வி3 வரிசையில் கணினிக்கு இரண்டு சேனல்கள் போகின்றன, கணினியிலிருந்து நான்கு வருகின்றன. பாடலை ஓர் இணையிலும் அழைப்பை இன்னோர் இணையிலும் கொண்டுவர முடிவதால் இது உண்மையாகவே பயனுள்ள வேறுபாடு. நோட்பேடில் கவனிக்க வேண்டியது டக்கர் என்ற வசதி: மைக்கில் பேசத் தொடங்கியதும் பின்னணி இசையைத் தானே தாழ்த்தி, பேச்சு நின்றதும் மீண்டும் உயர்த்தும். ஒரே ஆளாக இசையையும் பேச்சையும் கையாள்பவருக்கு இது நல்ல துணை.

அனலாக் மிக்சரை வைத்துக்கொண்டே விருந்தினரின் எதிரொலியைத் தீர்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. வானொலி நிலையங்களில் மிக்ஸ்-மைனஸ் என்று அழைப்பார்கள்: எல்லாம் கலந்த ஒலியிலிருந்து ஒருவருடைய குரலை மட்டும் கழித்து, மிச்சத்தை அவருக்கு அனுப்புவது. கைபேசியின் ஒலியை மிக்சரின் ஒரு சேனலுக்குக் கொண்டுவாருங்கள். முதன்மைக் கலவைக்கு வெளியே தனிக் கலவை ஒன்றை அனுப்பும் வழிக்கு ஆக்ஸ் என்று பெயர்; மற்ற எல்லாச் சேனல்களின் ஆக்ஸ் குமிழையும் திறந்து, கைபேசிச் சேனலின் ஆக்ஸ் குமிழை மட்டும் சுழியத்தில் வையுங்கள். ஆக்ஸ் வெளியீட்டைக் கைபேசியின் மைக் உள்ளீட்டுக்கு அனுப்பினால், விருந்தினர் உங்களைக் கேட்பார், தன்னைக் கேட்க மாட்டார். கைபேசியின் மைக் உள்ளீடு மிக மெல்லிய ஒலியையே எதிர்பார்ப்பதால், ஆக்ஸின் பலத்த ஒலியைக் குறைத்துக் கொடுக்கும் நான்கு முனைக் கேபிள் ஒன்று நடுவில் தேவைப்படும். மிக்சரில் ஆக்ஸ் வெளியீடு ஒன்றாவது இருந்தால்தான் இது நடக்கும். மிகச் சிறிய மாதிரிகளில் பலவற்றில் அது இருப்பதில்லை. எனக்குக் கேட்டால், அனலாக் மிக்சர் வாங்குபவர் இன்னும் இரண்டு சேனல்களுக்காகச் செலவழிப்பதைவிட ஓர் ஆக்ஸுக்காகச் செலவழிப்பது மேல்.

நேரலைக்கென்றே வடிவமைத்தவை

யமஹா 2015இல் கொண்டுவந்த ஏ.ஜி.03, ஏ.ஜி.06 ஆகிய இரண்டும் இந்த வகையைப் பரவலாக்கிய கருவிகள்; 2022இல் இவற்றின் இரண்டாம் பதிப்பு, எம்.கே.2 என்ற பெயரில் வந்தது. வெளித்தோற்றத்தில் இவையும் சிறு மிக்சர்களே. வேறுபாடு கணினிக்கு எதை அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் ஒரு சிறிய சுவிட்சில் இருக்கிறது. அதற்கு மூன்று நிலைகள்: எந்த மெருகும் சேராத மூல ஒலி, மிக்சருக்குள் வந்தவற்றின் கலவை, அந்தக் கலவையோடு கணினியிலிருந்து திரும்பிய ஒலியும் சேர்ந்த லூப்பேக். எந்த மென்பொருளும் இல்லாமல், பின்னணி இசையையும் குரலையும் சேர்த்து அனுப்ப மூன்றாவது நிலை உதவுகிறது.

ஆனால் இந்த லூப்பேக்கைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. விளம்பரங்களில் அதுவே முதல் வரியில் இருப்பதால், அது இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். லூப்பேக் ஆள் பார்ப்பதில்லை. கணினியிலிருந்து வரும் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும். அதே கணினியில் விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்தால் அவர் குரலும் அவருக்கே திரும்பும். அழைப்புச் செயலிகளில் உள்ள எதிரொலி நீக்கம் அதை அமுக்கப் பார்க்கும்போது குரல்களே துண்டு துண்டாகும். எனவே கணினியில் ஓ.பி.எஸ். வைத்திருப்பவர், லூப்பேக்கை நிறுத்திவிட்டு நடு நிலையில் வைத்துப் பயன்படுத்துவதே நல்லது. உலாவியிலிருந்தோ டேப்லட்டிலிருந்தோ கைபேசியிலிருந்தோ நேரலை செய்பவருக்கே லூப்பேக் உண்மையான வரம்.

எம்.கே.2 பதிப்பில் மைக்கை அடைக்கும் பொத்தான் வந்துவிட்டது. கைபேசியை இணைக்க நான்கு முனை 3.5 மி.மீ. துளையும் உண்டு. ஒரே தொடுதலில் இயங்கும் கம்ப்ரஸரும், கூடத்தில் பாடுவதுபோன்ற முழக்கம் தரும் ரிவெர்பும் உள்ளே இருப்பதால், மெருகேறிய குரலை உணரத்தக்க தாமதமின்றிக் கேட்டுக்கொண்டே பாட முடிகிறது. முன்பு சொன்ன மென்பொருள் தாமதத்துக்கு இதுதான் சரியான விடை. இதன் எல்லையும் தெளிவானது: ஏ.ஜி.03இல் எக்ஸ்.எல்.ஆர். என்னும் மூன்று முனை இணைப்புள்ள மைக்குக்கு ஒரே ஒரு துளை. இருவர் பேச வேண்டுமானால் ஏ.ஜி.06. அதற்கு மேலும் ஆள் சேர்ந்தால் இந்த இரண்டுமே போதாது.

கணினியில் விளையாடிக்கொண்டே நேரலை செய்பவர்களை மனத்தில் வைத்து டி.சி.ஹெலிகான் 2018இல் வெளியிட்ட கோ-எக்ஸ்.எல்.ஆர். இன்னொரு திசையில் போனது. கணினிக்குள் விளையாட்டு, அரட்டை, இசை, அமைப்பு ஒலி என்று தனித்தனி மெய்நிகர் சேனல்களை உருவாக்கி, அவற்றை மேசைமேல் உள்ள நான்கு ஃபேடர்களுக்குக் கொடுத்தது. எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்பதை ஓர் அட்டவணையில் கட்டம் கட்டமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், அரட்டையில் இருப்பவருக்கு அவருடைய குரல் போகாமல் தடுப்பது ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். கருத்தளவில் இதுவே மிகச் சரியான தீர்வு. ஆனால் அதன் அதிகாரபூர்வ மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. மென்பொருள் இல்லாவிட்டால் கருவி பாதி ஊமை. இயங்குதளம் மாறும்போதும் நிறுவனத்தின் கவனம் வேறு பக்கம் திரும்பும்போதும் மென்பொருளையே நம்பும் கருவிகள் என்ன ஆகும் என்பதை வாங்கும்போதே யோசித்துவிட வேண்டும். எல்காட்டோவின் வேவ் எக்ஸ்.எல்.ஆர். இதே எண்ணத்தின் எளிய வடிவம்: மேசைமேல் ஒரு குமிழ், கலவையெல்லாம் வேவ் லிங்க் என்ற மென்பொருளில்.

பாட்காஸ்ட் கருவிகள்

ஜூம் என்ற ஜப்பானிய நிறுவனத்துக்கும் அதே பெயருள்ள காணொளி அழைப்புச் செயலிக்கும் தொடர்பில்லை. அந்த நிறுவனத்தின் பாட்ட்ராக் பி4, லைவ்ட்ராக் எல்-8 ஆகிய இரண்டும், ரோடு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ரோடுகாஸ்டர் டுவோவும் இங்கே ஒப்பிடத் தக்கவை.

இந்த வகைக் கருவிகளைச் செய்தவர்கள், விருந்தினர் தொலைவில் இருப்பார் என்பதை முதல் நாளிலிருந்தே கணக்கில் கொண்டிருக்கிறார்கள். கைபேசியைப் பி4இல் நான்கு முனைக் கேபிளால் இணைத்தால், மிக்ஸ்-மைனஸை அதுவே செய்துகொள்ளும், யூ.எஸ்.பி. வழியாக வரும் கணினி அழைப்புக்கும் அதே வசதியை ஒரு சுவிட்சில் இயக்கலாம். மேலே அனலாக் மிக்சருக்குச் சொன்ன ஆக்ஸ் ஏற்பாடு முழுவதும் இங்கே தேவையற்றதாகிவிடுகிறது. நான்கு மைக்குகளுக்கும் நான்கு ஹெட்ஃபோன்களுக்கும் தனித்தனி அளவுக் குமிழ்கள் உண்டு. நினைவட்டையில் ஒவ்வொரு மைக்கையும் தனித் தடமாகப் பதிவு செய்யும் என்பதால், நேரலையில் ஒருவர் குரல் தாழ்ந்துபோயிருந்தாலும் பின்னால் வெளியிடும் பதிவில் சரிசெய்துகொள்ளலாம். இரண்டு ஏஏ பேட்டரிகளிலும் ஓடும். குறை என்றால், கணினிக்குப் போவது இரண்டு சேனல் கலவை மட்டுமே. ஈக்வலைசரும் ரிவெர்பும் இல்லாததால் பாடுபவர்களுக்கு இது வெறுமையாக இருக்கும்.

எல்-8 அந்த வெறுமையை நிரப்புகிறது. ஆறு மைக் உள்ளீடுகள், ஃபேடர்கள், ஈக்வலைசர், எஃபெக்ட்டுகள், தனித்தனித் தடங்களாகக் கணினிக்குப் போகும் யூ.எஸ்.பி., ஹெட்ஃபோன்களுக்கு வெவ்வேறு கலவைகள் என்று ஒரு சிறு இசைக்குழுவையே இது தாங்கும். தனியாக அமர்ந்து பேசுபவருக்கோ இது வீண் சுமை. மேசையில் இடமும் கேட்கும், பொறுமையும் கேட்கும்.

ரோடுகாஸ்டர் டுவோ அளவில் சிறியது, திறனில் பெரியது. இரண்டு மைக் துளைகள், நான்கு ஃபேடர்கள், தொடுதிரை, இரண்டு யூ.எஸ்.பி.-சி இணைப்புகள், புளூடூத். இரண்டு யூ.எஸ்.பி. இருப்பதன் அருமை, ஒரு கணினியில் விளையாடி இன்னொன்றில் நேரலை செய்பவருக்கும், கணினியோடு கைபேசியையும் கம்பி வழியாகவே சேர்க்க விரும்புபவருக்கும் உடனே புரியும். அழைப்புக்கென்று தனி மெய்நிகர் சேனல் இருப்பதால் எதிரொலியும் வராது. மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பில் 76 டெசிபெல் வரை கெயின், அதாவது பெருக்கும் அளவு, உண்டு. தயக்கம் எங்கே வருகிறது என்றால், எல்லா அமைப்புகளும் திரையின் பட்டியல்களுக்குள் புதைந்திருப்பதில். ஒருமுறை அமைத்துவிட்டுத் தொடாமல் இருப்பவருக்கு அது பொருட்டல்ல. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு அமைப்பில் நடத்துபவருக்குத் தலைவலி.

கெயின் என்னும் புறக்கணிக்கப்பட்ட எண்

யூ.எஸ்.பி.க்கு அடுத்து நான் முக்கியம் என்று கருதுவது மைக் ப்ரீஆம்பின் கெயின். இதைப் பற்றிக் கருவியின் பெட்டியில் பெரிதாக எழுத மாட்டார்கள். ஆனால் வாங்கிய பின் வரும் ஏமாற்றங்களில் பெரும்பங்கு இதனால்தான். நேரலை செய்பவர்கள் விரும்பி வாங்கும் ஷூர் எஸ்.எம்.7பி மைக், ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்குத் தருவது 1.12 மில்லிவோல்ட். ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.2020 என்ற கண்டென்சர் மைக் அதே அழுத்தத்துக்கு 14.1 மில்லிவோல்ட் தருகிறது. ஏறத்தாழ 12 மடங்கு அதிகம், அதாவது 22 டெசிபெல். எஸ்.எம்.7பி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபெல் கெயின் வேண்டும் என்பது அதன் தயாரிப்பாளரின் பரிந்துரை. சிறிய மிக்சர்கள் பலவற்றில் குமிழைக் கடைசி வரை திருப்பினால்தான் அந்த அளவை நெருங்க முடியும். அந்தக் கடைசிக் கால் திருப்பத்தில் குரலோடு சேர்ந்து இரைச்சலும் எழும்.

பி4இல் 70, நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2இல் 69, வேவ் எக்ஸ்.எல்.ஆரில் 75 டெசிபெல் என்று இருப்பது இந்தத் தேவையை உணர்ந்து செய்யப்பட்டதுதான். உங்களிடம் ஏற்கெனவே கெயின் குறைந்த மிக்சர் இருந்தால், கிளவுட்லிஃப்டர் போன்ற ஒரு சிறு பெருக்கியை மைக்குக்கும் மிக்சருக்கும் இடையில் சேர்க்கலாம். அது 25 டெசிபெல் வரை கூட்டித் தரும். அது ஃபாண்டம் பவரில், அதாவது மைக் கேபிள் வழியாகவே மிக்சர் அனுப்பும் மின்சாரத்தில், இயங்குவதால், அந்தச் சேனலில் 48 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில சிறு மிக்சர்கள் முதல் மைக்குக்கு மட்டுமே ஃபாண்டம் தருகின்றன. இருவர், அந்த மின்சாரம் தேவைப்படும் இரண்டு கண்டென்சர் மைக்குகளோடு அமரும்போதுதான் இது தெரிய வரும். செலவில்லாத ஒரு வழியும் உண்டு: வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் ஏறத்தாழ 6 டெசிபெல் தானாகவே கிடைக்கும், அறையின் எதிரொலியும் பின்வாங்கும். எந்த மிக்சரும் இதற்கு ஈடு செய்ய முடியாது.

மாறாக, பெட்டியில் பெரிதாக எழுதப்படும் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற மாதிரி வீத எண்ணை நேரலைக்காக ஒரு காரணமாகக் கொள்ளவே வேண்டாம். யூடியூப் நேரலையின் ஸ்டீரியோ ஒலிக்குப் பரிந்துரைப்பது நொடிக்கு 128 கிலோபிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஓ.பி.எஸ். 44.1, 48 என்ற இரண்டில் ஒன்றையே எடுத்துக்கொள்ளும். மிக்சரும் மென்பொருளும் ஒரே எண்ணில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. பொருந்தாவிட்டால் சிலசமயம் ஒலி வெடிப்பதும், நேரம் போகப் போகப் படத்தைவிட்டு விலகுவதும் நேரும். பி4 44.1இல் மட்டும் இயங்குவதால் அதை வைத்திருப்பவர் ஓ.பி.எஸ்.ஸையும் 44.1க்கு மாற்றிக்கொள்ளலாம். எஃபெக்ட்டுகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். இருபத்து நான்கு இருந்தாலும், நல்ல ரிவெர்ப் ஒன்றையும் மிதமான கம்ப்ரஸர் ஒன்றையும் தவிர மற்றவை நாளடைவில் தொடப்படுவதே இல்லை.

மின்சாரத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கணினியின் யூ.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுக்கும் மிக்சர்கள் வசதியானவை; ஆனால் மடிக்கணினியைச் சார்ஜரில் செருகியதும் மெல்லிய முனகல் கேட்டால், அது மின்னிணைப்பின் பூமித் தொடர்பிலிருந்து வருவது, மிக்சரின் பழுது அல்ல. கைபேசியோடு இணைக்கப் போகிறவர், தனி மின் துளை உள்ள மிக்சரையோ பேட்டரியில் ஓடுவதையோ தேர்ந்தெடுக்க வேண்டும். கைபேசியால் ஒரு மிக்சருக்கும் கண்டென்சர் மைக்குக்கும் நெடுநேரம் மின்சாரம் கொடுக்க இயலாது. புளூடூத்தை விருந்தினரின் அழைப்புக்கும் பின்னணிப் பாடலுக்கும் பயன்படுத்தலாம். தன் குரலைக் கேட்கும் ஹெட்ஃபோனுக்கு ஒருபோதும் கூடாது.

யாருக்கு எது

இத்தனைக்கும் பிறகு என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். கணினியில் தனியாகப் பேசுபவரும் கற்பிப்பவரும் மிக்சர் வாங்க வேண்டாம். கெயின் போதுமான ஓர் இன்டர்ஃபேஸை வாங்கி, மிஞ்சும் தொகையை மைக்குக்கும் அதைத் தாங்கும் ஸ்டாண்டுக்கும் செலவிடட்டும். கைபேசியிலிருந்தோ டேப்லட்டிலிருந்தோ பாடுபவர், இசையோடு சேர்ந்து ஒருவராக நிகழ்ச்சி நடத்துபவர் ஆகியோருக்கு ஏ.ஜி.03 எம்.கே.2 வகையே முதல் தேர்வு. லூப்பேக்கும் தாமதமற்ற ரிவெர்பும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். தொலைவிலிருந்து விருந்தினரை அழைத்து உரையாடுபவர், எத்தனை குமிழ்கள் உள்ள அனலாக் மிக்சரைப் பார்த்தும் மயங்காமல் மிக்ஸ்-மைனஸ் உள்ள கருவியையே தேட வேண்டும். அவர்களில் பேச்சு மட்டும் போதும் என்பவருக்குப் பி4 நிறைவாக இருக்கும். இரண்டு கணினிகளும் ஃபேடர்களும் வேண்டுமென்றால் டுவோ. மூன்று நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் வீட்டில் எல்-8 போன்ற ஒன்று, அல்லது ஆக்ஸ் வெளியீடுள்ள அனலாக் மிக்சர். இவற்றில் எல்-8 பக்கமே என் சாய்வு, ஏனென்றால் நேரலை முடிந்த பிறகு தனித் தடங்கள் கையில் இருக்கும்.

விளையாட்டு நேரலை செய்பவர்களுக்கு மட்டும் என்னால் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. கோ-எக்ஸ்.எல்.ஆர். வகையின் தனித்தனிச் சேனல்கள் மிக உதவும். ஆனால் அந்தப் பிரிப்பை மென்பொருளிலேயே செய்ய முடிகிற இன்று, ஃபேடரைத் தொடும் இன்பத்துக்காகவே அதை வாங்குகிறோம் என்பதைத் தெரிந்து வாங்கலாம். அந்த இன்பமும் வீண் அல்ல, ஆட்டத்தின் நடுவே கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் அரட்டையைத் தாழ்த்த முடிவது பெரிய வசதி.

எதை வாங்குவதாக இருந்தாலும், தயாரிப்பாளரின் இணையதளத்தில் கிடைக்கும் கையேட்டை முன்கூட்டியே இறக்கி, அதன் இறுதிப் பக்கங்களில் வழக்கமாக இருக்கும், ஒலி போகும் வழிகளைக் கோடுகளால் காட்டும் பிளாக் டயகிராமைத் தேடுங்கள். யூ.எஸ்.பி. என்று எழுதிய கட்டத்திலிருந்து புறப்படும் கோட்டை விரலால் தொடர்ந்து போனால், அது முதன்மைக் கலவையில் சேருகிறதா, ஹெட்ஃபோனில் மட்டும் சேருகிறதா, இடையில் சுவிட்ச் இருக்கிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். விளம்பரமும் விமர்சனக் காணொளிகளும் சொல்லாத பதில் அந்தக் கோட்டில் இருக்கிறது. கருவி கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், நண்பர் ஒருவரை அழைத்து அவருடைய குரல் அவருக்கே கேட்கிறதா என்று விசாரியுங்கள். பிறகு யாரும் பார்க்க முடியாத தனிப்பட்ட நேரலை ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதன் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேட்டு, உதட்டசைவும் குரலும் இரண்டிலும் ஒரேபோலப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கேமராவின் படம் பெரும்பாலும் குரலைவிடச் சற்றுப் பிந்தியே வரும். அந்தப் பிந்தல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் இருந்தால், ஓ.பி.எஸ்.ஸின் ஒலி ஒத்திசைவு அமைப்பில் அத்தனை மில்லி நொடி சேர்த்துச் சரிசெய்துவிடலாம். போகப் போகக் கூடிக்கொண்டே போனால், முதலில் சோதிக்க வேண்டியது மிக்சரின் மாதிரி வீதமும் மென்பொருளின் மாதிரி வீதமும் ஒன்றா என்பதைத்தான்.